எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு ‘பி’

எதுவுமே இல்லாத உள்ளீட்டை ஜிசிப் செய்தாலும் 20 பைட் அளவில் ஒரு கோப்பு கிடைக்கும். தலைப்பகுதிக்கு 10 பைட், வால்பகுதிக்கு 8, ‘உள்ளே ஒன்றுமில்லை’ என்று சொல்ல நடுவில் 2. பேக்கப் அடைவில் நாள்தோறும் ஒரு கோப்பு சேர்ந்திருக்கிறது, தேதிகள் ஒழுங்காக இருக்கின்றன, பதிவேட்டிலும் ‘முடிந்தது’ என்று எழுதியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கோப்பும் சரியாக 20 பைட் என்றால், அந்தக் கணினியில் பேக்கப் எடுக்கப்படவே இல்லை.

இந்த நிலைக்கு வந்து சேரப் பல வழிகள் உண்டு. அவற்றில் மிகச் சாதாரணமான ஒன்றைப் பார்ப்போம். பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட காலத்தில் கணினியில் இருந்தது சாட்டா டிஸ்க். லினக்ஸ் அதற்கு வைத்த பெயர் எஸ்டிஏ. அதன் முதல் பார்ட்டிஷன் எஸ்டிஏ1, இரண்டாவது எஸ்டிஏ2. டிஸ்க்கின் பெயரோடு ஓர் எண்ணை ஒட்டினால் பார்ட்டிஷனின் பெயர் வந்துவிடும் என்று ஸ்கிரிப்டை எழுதியவர் எடுத்துக்கொண்டார். பிறகு கணினி மாறியது. புதியதில் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி. டிஸ்க்கின் பெயர் என்விஎம்இ0என்1. ஸ்கிரிப்ட் வழக்கம்போல் அதோடு 1-ஐ ஒட்டி, என்விஎம்இ0என்11 என்ற பெயரைத் தயாரித்தது. அப்படி ஒரு சாதனம் அந்தக் கணினியில் இல்லை. இருக்கவேண்டிய பெயர் என்விஎம்இ0என்1பி1.

ஸ்கிரிப்டில் பார்ட்டிஷனைப் படிக்கும் டிடி கட்டளை ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அதன் வெளியீடு பைப் வழியாக ஜிசிப்புக்குப் போகிறது. வந்த சூனியத்தைச் சுருக்கி, 20 பைட்டாக எழுதிவைத்து, தன் வேலை வெற்றி என்று ஜிசிப் அறிவிக்கிறது. பைப்பில் வரிசையாக நிற்கும் கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவை மட்டும் பார்ப்பதுதான் ஷெல்லின் இயல்பு. பாஷ் ஷெல்லில் ‘பைப்ஃபெயில்’ என்ற அமைப்பைப் போட்டிருந்தால் முதல் கட்டளையின் தோல்வி வெளியே தெரிந்திருக்கும். பேக்கப் ஸ்கிரிப்டில் அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அதை எழுதி முடித்ததாகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

படிக்கும்போதுதான் இந்தக் கதை. தவறான பெயருக்கு எழுதும்போது நடப்பது இன்னும் விபரீதம். சேமித்த பிம்பத்தை மீட்டெடுக்கும் வேலையில், எழுதவேண்டிய இடமாக என்விஎம்இ0என்11 என்று டிடியிடம் கொடுத்தால் அது மறுக்காது. இல்லாத கோப்பைப் புதிதாக உருவாக்கி எழுதுவது அதன் சுபாவம். ரூட் அதிகாரத்தில் ஓடுவதால் தடுப்பாரும் இல்லை. /டெவ் அடைவுக்குள் அந்தப் பெயரில் சாதாரணக் கோப்பு ஒன்று முளைக்கும். /டெவ் அடைவோ டிஸ்க்கில் இல்லை. டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற பெயரில் ராமில் வாழ்கிறது. அண்மைக்கால லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் அதற்கு 4 எம்பி உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே ‘இடமில்லை’ என்று பிழை வரும், தப்பித்தோம். ராமில் பாதி வரை வரம்பு இருக்கும் பழைய அமைப்புகளில், சிறிய பூட் பார்ட்டிஷன் ஒன்று முழுதாக ராமுக்குள் ‘மீட்கப்பட்டு’விடும். இத்தனை பைட் எழுதினேன், இத்தனை நொடியில் எழுதினேன் என்று டிடி கணக்கும் ஒப்பிக்கும். ரீபூட் செய்த நொடியில் எல்லாம் மாயம். இதைத் தடுக்க டிடியிலேயே ‘நோகிரியேட்’ என்றொரு விருப்பம் இருக்கிறது. பலரும் அதைத் தொடுவதே இல்லை.

இந்தப் ‘பி’ எங்கிருந்து வந்தது? பார்ட்டிஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. அதற்கென்று கெர்னலின் மூலநிரலில் ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. பார்ட்டிஷனைப் பதிவுசெய்யும்போது கெர்னல் டிஸ்க் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்கும். அது எண்ணாக இருந்தால் நடுவில் பி சேர்த்துப் பார்ட்டிஷன் எண்ணை எழுதும். எண்ணாக இல்லாவிட்டால் நேராக ஒட்டும். அவ்வளவுதான் விதி. நம் இலக்கணத்தின் உடம்படுமெய் மாதிரி: உயிரும் உயிரும் மோதும் இடத்தில் மணியடித்தது, திருவருள் என்று ஒரு மெய் வந்து நிற்பதுபோல, எண்ணும் எண்ணும் மோதும் இடத்தில் ஒரு பி வந்து நிற்கிறது. நிலைமொழி எழுத்தில் முடிந்தால் அதற்கு வேலையில்லை.

காரணமும் புரிகிறது. எம்டி1 என்ற பெயரில் ஒரு ரெய்டு தொகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இரண்டாவது பார்ட்டிஷனை எம்டி12 என்று எழுதினால், எம்டி12 என்றே பெயர்கொண்ட ரெய்டு தொகுதியிலிருந்து அதைப் பிரித்தறிய வழியில்லை. எம்டி1பி2 என்றால் குழப்பமில்லை.

இந்த விதி என்விஎம்இக்காக உண்டானதன்று. என்விஎம்இ தரத்தின் முதல் பதிப்பு 2011-இல்தான் வந்தது. லினக்ஸில் அதன் டிரைவர் சேர்ந்தது 2012-இல் வெளியான 3.3 கெர்னலில். அதற்கு முன்பிருந்தே எஸ்டி கார்டுகள் எம்எம்சிபிஎல்கே0 என்ற பெயரோடும், ரெய்டு தொகுதிகள் எம்டி0 என்ற பெயரோடும், கோப்பையே டிஸ்க்காகக் காட்டும் லூப் சாதனங்கள் லூப்0 என்ற பெயரோடும், நெட்வொர்க் வழியே வரும் டிஸ்க்குகள் என்பிடி0 என்ற பெயரோடும் இருந்தன. எல்லாம் எண்ணில் முடிபவை, எல்லாவற்றுக்கும் பி உண்டு. மாறாக, மெய்நிகர் கணினிகளில் காணும் விடிஏவும், ஜென் மெய்நிகராக்கத்தின் எக்ஸ்விடிஏவும் எழுத்தில் முடிபவை. அவற்றுக்குப் பி கிடையாது.

ஆகவே, ‘பெயரில் என்விஎம்இ என்று இருந்தால் பி சேர், எம்எம்சி என்று இருந்தால் பி சேர், மற்றதற்கு வேண்டாம்’ என்று வகைவகையாகப் பட்டியல் போடும் ஸ்கிரிப்டுகள் பாதிக் கிணறுதான் தாண்டுகின்றன. அடுத்த வகை டிஸ்க் வந்ததும் மறுபடி திருத்த வேண்டும். கடைசி எழுத்து எண்ணா என்ற ஒரே கேள்வியை, கெர்னல் கேட்பதுபோலவே கேட்டால் நாளை வரப்போகும் வகைக்கும் சேர்த்து விடை கிடைத்துவிடும். ஷெல்லில் ஒரு ‘கேஸ்’ வாக்கியம் போதும்.

எஸ்டிஏ என்ற பெயரே எல்லாருக்கும் பழகிப்போனதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் வீட்டுக் கணினி என்றால் ஐடிஇ டிஸ்க், அதன் பெயர் எச்டிஏ. அந்தப் பெயர் ஒரு முகவரி. முதல் கேபிளின் மாஸ்டர் எச்டிஏ, இரண்டாவது கேபிளின் மாஸ்டர் எச்டிசி. இடையில் டிஸ்க் இல்லாவிட்டாலும் எச்டிசி எச்டிசிதான். எஸ்டிஏ வகைப் பெயர்கள் அப்போது ஸ்கஸி டிஸ்க்குகளுக்கு உரியவை. அவை இடத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவதில்லை. முதலில் கண்ணில் பட்டது எஸ்டிஏ, அடுத்தது அதற்கடுத்த எழுத்து.

ஜெஃப் கார்சிக் எழுதிய லிப்ஏடிஏ என்ற டிரைவர் தொகுப்பு, சாட்டா டிஸ்க்குகளையும் பின்னர் பழைய ஐடிஇ டிஸ்க்குகளையும் ஸ்கஸி அடுக்கின் வழியாகக் கொண்டுவந்தது. 2007-இல் ஃபெடோரா 7 வெளியானபோது எச்டிஏக்கள் ஒரே இரவில் எஸ்டிஏ ஆயின. பெயர் மட்டும் மாறவில்லை. பழைய முறையில் ஒரு டிஸ்க்குக்கு 63 பார்ட்டிஷன் வரை எண்கள் ஒதுக்கியிருந்தார்கள், ஸ்கஸி முறையில் 15. பதினைந்துக்கு மேல் பிரித்து வைத்திருந்தவர்கள் திண்டாடினார்கள். இந்த வரம்பு பின்னால் நீக்கப்பட்டது. பழைய ஐடிஇ டிரைவரையே 2021-இல் வெளியான 5.14 கெர்னலிலிருந்து தூக்கிவிட்டார்கள். ஆக, முகவரியாக இருந்த பெயர் போய், வருகை வரிசையைக் குறிக்கும் பெயர் நிலைத்தது. ஸ்கிரிப்ட் எழுதுபவர்களில் பலர் இன்றும் எஸ்டிஏவை முகவரி என்றே நம்புகிறார்கள். இது அவர்கள் குற்றமில்லை. ஒரே ஒரு டிஸ்க் இருக்கும் கணினியில் அந்த நம்பிக்கை பொய்ப்பதே இல்லை.

டிஸ்க் பெயரிலிருந்து பார்ட்டிஷன் பெயரை உண்டாக்குவது எளிய பாதி. கடினமான பாதி இதன் தலைகீழ்: பார்ட்டிஷன் பெயர் கையில் இருக்கிறது, அது எந்த டிஸ்க்கைச் சேர்ந்தது? பேக்கப் ஸ்கிரிப்டுக்கு இது அடிக்கடி தேவைப்படும். ரூட் கோப்பு முறைமை எந்தப் பார்ட்டிஷனில் இருக்கிறது என்று தெரியும். அந்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையையும், பூட் லோடர் உட்கார்ந்திருக்கும் முதல் செக்டார்களையும் சேர்த்துச் சேமிக்க வேண்டும் என்றால் டிஸ்க்கின் பெயர் வேண்டும்.

பழைய வழக்கம், கடைசியில் இருக்கும் எண்களையெல்லாம் வெட்டுவது. எஸ்டிஏ1-க்கு எஸ்டிஏ கிடைக்கும், சரி. என்விஎம்இ0என்1பி2-க்கு என்விஎம்இ0என்1பி கிடைக்கும், தவறு. சரி, எண்களோடு முன்னால் ஒரு பி இருந்தால் அதையும் வெட்டுவோம் என்று அடுத்த திருத்தம் வரும். என்விஎம்இ0என்1பி2 இப்போது சரியாக என்விஎம்இ0என்1 ஆகிவிடுகிறது. எஸ்டிஏ1-உம் கெடவில்லை. எழுதியவர் திருப்தியாகப் படுக்கப் போவார்.

இந்தத் திருத்தம் இடறி விழும் இடம் பதினாறாவது டிஸ்க். எஸ்டிஏவில் தொடங்கி ஆங்கில எழுத்து வரிசைப்படி எண்ணிக்கொண்டு போனால், பதினாறாவது டிஸ்க்கின் கடைசி எழுத்து அதே பி. (தமிழில் எழுதினால் இரண்டாவது டிஸ்க்கும் பதினாறாவது டிஸ்க்கும் எஸ்டிபி என்றே தெரியும், நான் சொல்வது பதினாறாவதை.) அதன் முதல் பார்ட்டிஷன் எஸ்டிபி1. ஸ்கிரிப்ட் ‘பி1’-ஐ வெட்டிவிட்டு எஸ்டி என்று ஒரு டிஸ்க்கைத் தேடும். இங்கே பி உடம்படுமெய் அன்று, பகுதியின் சொந்த எழுத்து. பார்த்த மாத்திரத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. 26 டிஸ்க்குகள் தீர்ந்ததும் எஸ்டிஏஏ, அதற்கடுத்த எழுத்து என்று இரட்டை எழுத்துப் பெயர்கள் தொடங்கும். அந்த வரிசையில் 42-வது டிஸ்க் எஸ்டிஏபி. அதன் முதல் பார்ட்டிஷன் எஸ்டிஏபி1. எஸ்டிஏவின் முதல் பார்ட்டிஷன் என்று இதை ஸ்கிரிப்ட் புரிந்துகொண்டால், முதல் டிஸ்க்குக்குப் போகவேண்டியதும் 42-வது டிஸ்க்குக்குப் போகவேண்டியதும் ஒன்றாகிவிடும்.

நாற்பத்திரண்டு டிஸ்க் யாரிடம் இருக்கிறது என்று கேட்கலாம். வீட்டில் இருக்காது. பெரிய சேமிப்புப் பெட்டிகள் இணைந்த சர்வர்களில் இது சகஜம். ஒரே டிஸ்க் பல பாதைகள் வழியாகத் தெரியும் அமைப்புகளில், நிஜமாக இருக்கும் டிஸ்க்கைப்போல இரண்டு மூன்று மடங்கு பெயர்கள் புழங்கும்.

எதிர்ப்பக்கத்திலும் சிக்கல். யாராவது பார்ட்டிஷனுக்குப் பதிலாக முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்துவிட்டால் என்விஎம்இ0என்1 என்பது என்விஎம்இ0என் ஆகிவிடும். பெயர்களை நட்சத்திரக்குறி போட்டு மொத்தமாகப் பிடிக்கும் பழக்கமும் இப்படித்தான் கவிழ்க்கும். எஸ்டிஏ என்று தொடங்கும் எல்லாம் வேண்டும் என்றால் எஸ்டிஏஏவும் வந்து சேரும். பின்னால் ஒரே ஓர் எழுத்து இருப்பவை போதும் என்றால் எஸ்டிஏ10 விடுபட்டுப்போகும். பலகையிலேயே பதித்த இஎம்எம்சி நினைவகம் உள்ள கணினியில் எம்எம்சிபிஎல்கே0 என்று தொடங்குபவற்றைக் கேட்டால், பார்ட்டிஷன்களோடு எம்எம்சிபிஎல்கே0பூட்0 என்ற தனிப் பகுதியும் வரும். அது பார்ட்டிஷன் இல்லை, வன்பொருளே ஒதுக்கிவைத்திருக்கும் தனி டிஸ்க்.

பழைய எச்பி சர்வர்களைப் பராமரித்தவர்களுக்கு இன்னொரு வினோதம் நினைவிருக்கும். அவற்றின் ரெய்டு கார்டுக்கான சிசிஐஎஸ்எஸ் டிரைவர் வைத்த பெயர், சிசிஐஎஸ்எஸ்/சி0டி0பி1. பெயருக்குள்ளேயே சாய்கோடு! பார்ட்டிஷனின் பெயரையே பேக்கப் கோப்பின் பெயராக வைக்கும் ஸ்கிரிப்ட், அந்தச் சாய்கோட்டை அடைவு என்று எண்ணி, இல்லாத அடைவைத் தேடித் தோற்கும். அந்த டிரைவர் இன்று வழக்கொழிந்துவிட்டது. ஆனால் பெயரில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

பெயரை அறுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, பெயர் வைத்த கெர்னலிடமே கேட்பதுதான் சரியான வழி. அதற்கான வசதி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. /சிஸ்/கிளாஸ்/பிளாக் என்ற அடைவில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் ஒரு பதிவு உண்டு. அது பார்ட்டிஷனாக இருந்தால் மட்டும் உள்ளே ‘பார்ட்டிஷன்’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கும். அதைப் படித்தால் பார்ட்டிஷன் எண் கிடைக்கும். கோப்பு இல்லையென்றால் அது முழு டிஸ்க், அல்லது வேறு ஏதோ. அந்தப் பதிவு உண்மையில் ஒரு குறுக்குவழி இணைப்புதான். அதன் உண்மையான பாதையைப் பிடித்து ஒரு படி மேலே போனால் நிற்பது தாய் டிஸ்க். எந்த எழுத்தில் முடிகிறது, நடுவில் பி இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பதினாறாவது டிஸ்க்கின் பார்ட்டிஷனும் சரி, நாற்பத்திரண்டாவதன் பார்ட்டிஷனும் சரி, தன் தாயைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவு இறங்க விருப்பமில்லை என்றால் எல்எஸ்பிஎல்கே கட்டளை இருக்கிறது. பிகேநேம் என்ற நெடுவரிசையைக் கேட்டால் தாய் சாதனத்தின் பெயரைச் சொல்லும். இரண்டு எச்சரிக்கைகள். வெறுமனே ஓடவிட்டால் அது மனிதக் கண்ணுக்காக மரம் வரைந்து காட்டும். அந்தக் கிளைக் கோடுகள் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஸ்கிரிப்டுக்குள் நுழைந்துவிடும். தலைப்பும் மரமும் இல்லாத வெளியீட்டை, அல்லது ஜேசன் வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, தாய் என்றால் ஒரு தலைமுறை மட்டும். மறையாக்கம் செய்த பார்ட்டிஷனுக்குள் எல்விஎம், அதற்குள் ரூட் என்று அமைத்திருந்தால், ரூட்டின் தாய் மறையாக்க அடுக்கு, அதன் தாய் பார்ட்டிஷன், அதற்கும் தாய்தான் டிஸ்க். வகை ‘டிஸ்க்’ என்று வரும்வரை மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். உபுண்டு பயன்படுத்துபவர்கள் லூப் சாதனங்களைத் தவிர்க்கவும் சொல்லிவைக்க வேண்டும். ஸ்னாப் செயலி ஒவ்வொன்றும் ஒரு லூப் சாதனமாக அந்தப் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

மீட்பு வேலையில் பார்ட்டிஷன்கள் இன்னும் பிறந்தே இருக்காது. புது டிஸ்க்கில் எஸ்எஃப்டிஸ்க் கட்டளையால் அட்டவணையை எழுதி முடித்த மறுகணமே அடுத்த வரி, முதல் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யப் போகும். கெர்னல் அட்டவணையை மறுபடி படித்து, சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் யூடெவ் தன் வேலையை முடிப்பதற்குள் போய்விட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான். சோதனையில் பத்து முறை ஓடிய ஸ்கிரிப்ட், வேகமான கணினியில் பதினோராவது முறை விழுவது இதனால். யூடெவ்ஏடிஎம் கட்டளையில் ‘செட்டில்’ என்று ஒரு துணைக் கட்டளை இருக்கிறது. நிலுவையில் உள்ள வேலை முடியும்வரை காத்திருக்கும். இரண்டு நொடி தூங்கு என்று எழுதுவதைவிட அது மேல்.

இதுவரை பேசியது பெயரின் எழுத்துக்கூட்டு. எழுத்துக்கூட்டைச் சரியாகப் படித்தாலும், அந்தப் பெயர் நேற்றைக்குக் குறித்த டிஸ்க்கையே இன்றைக்கும் குறிக்குமா? உத்தரவாதம் கிடையாது. கெர்னல் டிஸ்க்குகளை இணையாகத் தேடுகிறது, முந்தியது முதல் பெயரை எடுத்துக்கொள்கிறது. பேக்கப்புக்கென்று வைத்திருக்கும் யூஎஸ்பி டிஸ்க்குக்கு முன்னால் யாராவது ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டால், பேக்கப் டிஸ்க்கின் எழுத்து ஒன்று தள்ளிப்போகும். மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்து அழி என்ற விருப்பத்தோடு ஆர்சிங்க் ஓடும் ஸ்கிரிப்டில் இது விளையாட்டில்லை.

அமேசானின் மேகக் கணினிகளில் இதே சங்கடத்தின் இன்னொரு முகம். முன்பு ஜென் மெய்நிகராக்கத்தில் எக்ஸ்விடிஎஃப் என்று தெரிந்த சேமிப்புத் தொகுதி, 2017-இல் சி5 வகையோடு பரவத் தொடங்கிய நைட்ரோ கணினிகளில் என்விஎம்இ1என்1 என்று தெரியத் தொடங்கியது. கட்டுப்பாட்டுப் பலகையில் எஸ்டிஎஃப் என்று கேட்டு இணைத்தாலும் உள்ளே வேறு பெயர்தான். பல தொகுதிகள் இருந்தால் எது 1, எது 2 என்பதும் நிச்சயமில்லை. நல்லவேளை, தொகுதியின் அடையாள எண்ணைச் சாதனத்தின் வரிசை எண்ணாகவே காட்டுகிறார்கள். அதைப் பார்த்துப் பிடித்துவிடலாம்.

இதற்காகத்தான் /டெவ்/டிஸ்க் அடைவில் நிலையான பெயர்களை யூடெவ் அமைத்துவைக்கிறது. தயாரிப்பும் வரிசை எண்ணும் கொண்டு ஒரு வகை, எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைக் கொண்டு ஒரு வகை, கோப்பு முறைமையின் யூயூஐடி கொண்டு ஒரு வகை, பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள யூயூஐடி கொண்டு இன்னொரு வகை. ஸ்கிரிப்டில் எழுதிவைக்க வேண்டியது இவற்றில் ஒன்றைத்தான். ஆனால் கவனம்: இந்த அடைவில் உள்ள வரிசை எண் பெயர்களின் பார்ட்டிஷன்கள் ‘-பார்ட்1’ என்று முடியும். வரிசை எண் ஓர் இலக்கத்தில் முடிந்தால், நாம் மேலே பாராட்டிய கடைசி எழுத்து விதி அங்கே பி சேர்த்துக் கெடுத்துவிடும். முதலில் குறுக்குவழியை அவிழ்த்து உண்மையான சாதனத்தை எடுத்துக்கொண்டு, பிறகுதான் விதியைப் பார்க்க வேண்டும்.

யூயூஐடிகளும் தெய்வவாக்கு இல்லை. டிடி போட்டு டிஸ்க்கை அச்சு அசலாக நகலெடுத்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகும். இரண்டு டிஸ்க்குகளும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் அந்த அடையாளத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள். எக்ஸ்எஃப்எஸ் அப்படிப்பட்ட இரண்டாவதை மவுன்ட் செய்ய மறுத்துவிடும். பிடிஆர்எஃப்எஸ் குழம்பித் தரவையே கெடுக்கக்கூடும். நகல் எடுத்தபின் நகலின் அடையாளங்களை மாற்றுவது, அல்லது அதைக் கழற்றி வைப்பது, இரண்டில் ஒன்று கட்டாயம். வரிசை எண் வகையிலும் ஒரு பள்ளம்: ஒரே டிஸ்க்கை நேரடியாக சாட்டாவில் செருகினால் ஒரு பெயர், யூஎஸ்பி உறைக்குள் போட்டுச் செருகினால் வேறொரு பெயர். மலிவான உறைகள் சில, உள்ளே எந்த டிஸ்க் இருந்தாலும் தம் சொந்த எண்ணையே சொல்லும்.

இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரே சிறு பலகையில் கூடுவதை ராஸ்பெர்ரி பையில் பார்க்கலாம். எஸ்டி கார்டிலிருந்து பூட் செய்தால் ரூட் எம்எம்சிபிஎல்கே0பி2. அதையே யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு நகர்த்தினால் எஸ்டிஏ2. 2023-இல் வந்த ராஸ்பெர்ரி பை 5-இல் பிசிஐஇ வழியாக என்விஎம்இ இணைத்தால் என்விஎம்இ0என்1பி2. ஒரே இயங்குதளம், ஒரே ரூட், மூன்று பெயர்கள், இரண்டு எழுத்துக்கூட்டு முறைகள். கார்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கும் ஸ்கிரிப்டில் மூலத்துக்குப் பி உண்டு, இலக்குக்கு இல்லை. இரண்டுக்கும் ஒரே இணைப்பெழுத்தை வைத்து எழுதியவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். இதை உணர்ந்துதான், ராஸ்பெர்ரி பையின் அதிகாரபூர்வப் பிம்பம் பூட் அமைப்பில் சாதனப் பெயரை எழுதாமல் பார்ட்டிஷனின் யூயூஐடியை எழுதுகிறது.

சேமித்துவைத்த பேக்கப்புக்குள்ளும் பெயர்கள் ஒளிந்திருக்கும். எஸ்எஃப்டிஸ்க் எடுத்துத் தரும் பார்ட்டிஷன் அட்டவணைப் பிரதியில் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கான வரியும் சாதனப் பெயரோடுதான் தொடங்கும். தைவானின் தேசிய உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய குளோன்ஜில்லாவில் பிம்பக் கோப்புகளின் பெயரே எஸ்டிஏ1 போன்ற சாதனப் பெயரோடுதான் தொடங்கும். எஸ்டிஏவில் எடுத்த பிம்பத்தை வேறு பெயருள்ள டிஸ்க்குக்கு ஏற்றவாறு பெயர் மாற்றித் தரவே அதனுடன் தனிக் கருவி ஒன்று இருக்கிறது. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதுபவருக்கு இதில் ஒரு வசதியான தீர்வு உண்டு. கோப்புக்குப் ‘பார்ட்டிஷன் 1’, ‘பார்ட்டிஷன் 2’ என்று எண்ணை மட்டும் வைத்துப் பெயரிட்டு, மூல டிஸ்க்கின் வகை, வரிசை எண், யூயூஐடி எல்லாவற்றையும் பக்கத்தில் ஓர் உரைக் கோப்பில் எழுதிவைத்தால் போதும். மீட்கும் நாளில் இலக்கு எஸ்டிஏவா என்விஎம்இயா என்பது அன்றைக்குப் பார்த்துக்கொள்ளும் விஷயம்.

உங்களிடம் பேக்கப் ஸ்கிரிப்ட் இருந்தால், டிஸ்க் பெயரோடு எண்ணை ஒட்டும் வரியையும், பெயரிலிருந்து எண்ணை வெட்டும் வரியையும் தேடிப் பாருங்கள். சோதிக்க என்விஎம்இ டிஸ்க் வாங்க வேண்டியதில்லை. ஒரு ஜிபி காலிக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் பார்ட்டிஷன் அட்டவணையை எழுதி, பார்ட்டிஷன்களையும் தேடும்படி சொல்லி லோசெட்அப் கட்டளையால் இணைத்தால், பி சேர்ந்த பெயர்கள் லூப்0பி1 என்று கிடைத்துவிடும். ஸ்கஸி டீபக் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றினால் ராமிலேயே பொய்யான எஸ்டி டிஸ்க் ஒன்று முளைக்கும். அளவு தானாக 8 எம்பிதான், வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம். ஒன்றில் எடுத்ததை மற்றொன்றில் மீட்டுப் பாருங்கள். இரண்டு திசையிலும் ஓடினால் அந்த ஸ்கிரிப்டை நம்பலாம்.